சார்ப்பில் இருந்த அம்மா

அம்மா எனக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தது வாயால்தான், கையால் இல்லை. வாசல் பக்கச் சார்ப்பில் பாயைப் போட்டு அவள் உட்கார்ந்திருப்பாள். உள்ளே கடைசிச் சுவரோரம் அடுப்பு முன்னால் நான் நிற்பேன். நடுவில் ஒரு முழு அறை. "தண்ணி கொதிக்குதா? எப்பிடி கொதிக்குது?" என்று அங்கிருந்து கேட்பாள். கொதிக்கிற சத்தத்தை நான் வாயால் செய்து காட்ட வேண்டும். "அது பத்தாது. இன்னும் கொஞ்சம் வுடு" என்பாள். இப்படிச் சத்தத்திலேயே ராகிக் களி கிண்டப் படித்த ஒரே பிள்ளை அன்றைய தருமபுரி ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

எண்பதுகளின் ஆரம்பம் அது. ஓசூரில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அப்பா குருபரப்பள்ளிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்துக்காரர். அவர் தலைமுறை வரைக்கும் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அவருக்கு ஒரு கம்பெனியில் ஹெல்பர் வேலை கிடைத்ததும் ஒரு தகரப் பெட்டியோடு நாங்கள் ஓசூருக்கு வந்து இறங்கினோம். சிப்காட்டைத் தாண்டி ஒரு வரிசை வீடு. ஒரு அறை, அதன் கோடியில் அடுப்பு, முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இறக்கி மூங்கில் தட்டி கட்டிய சார்ப்பு. இந்தப் பக்கத்து வீட்டில் தெலுங்கு, அந்தப் பக்கத்தில் கன்னடம், கோடி வீட்டில் திருநெல்வேலித் தமிழ். சண்டை வந்தால் மட்டும் எல்லாரும் எல்லா மொழியிலும் போடுவார்கள்.

அம்மா அஞ்செட்டிப் பக்கத்து மலை ஊர்க்காரி. வீட்டில் சும்மா உட்கார அவளால் முடியாது. சுற்றியிருந்த தோட்டங்களுக்கு முட்டைக்கோஸ் வெட்டவும் பீன்ஸ் பறிக்கவும் போய்வந்தாள். பனியில் கிளம்பி ஈரத்தில் நிற்கிற வேலை. அதனால் இருமல் வந்தபோது பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தோம். கஷாயம் வைத்துக் குடித்தாள். இருமலோடு ரத்தம் வந்த அன்றுதான் அப்பா லீவு போட்டுவிட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டி.பி. என்றார்கள். ஊசி போட வேண்டும், மாத்திரையை ஒரு வருஷத்துக்கு மேல் ஒருநாள்கூட விடாமல் சாப்பிட வேண்டும், மாதாமாதம் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். கடைசியில் டாக்டர், "வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா? பக்கத்துல விடாதீங்க" என்றாராம்.

எத்தனை நாளைக்கு என்று அம்மாவும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு டாக்டரைக் கேள்வி கேட்கத் தெரியாது. வெள்ளைக் கோட்டைக் கண்டதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவோம். வீட்டுக்கு வந்து, சொன்னதைவிட ஒரு பங்கு கூடவே செய்வோம். அன்று சாயந்திரமே அம்மா தன் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு சார்ப்புக்குப் போய்விட்டாள். அவள் தட்டு, டம்ளர், சொம்பு எல்லாவற்றின் அடியிலும் அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பச்சைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். அறைக்கும் சார்ப்புக்கும் நடுவில் இருந்த நிலைப்படிதான் எல்லை; நாங்கள் போக வர அடுப்புப் பக்கத்துப் பின்கதவு. நான் சாப்பாட்டைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர வேண்டும். நான் நகர்ந்த பிறகு அவள் வந்து எடுப்பாள். எங்களிடம் பேசும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. தம்பிக்கு இரண்டு முடிந்து மூன்று நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். ஆக, வீடு என் தலையில் வந்து விழுந்தது. விடிந்ததும் தண்ணீர் பிடிக்க வேண்டும், களி கிண்ட வேண்டும், தம்பிக்குக் கால் கழுவிவிட்டு அவனைப் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அத்தையிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் ஓட வேண்டும். மத்தியானம் மணி அடித்ததும் திரும்ப ஓடிவந்து அம்மாவுக்குச் சாப்பாடும் மாத்திரையும் படியில் வைக்க வேண்டும். வருகிறவர் போகிறவரெல்லாம் "எவ்ளோ பொறுப்பான பொண்ணு!" என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாராவது என்னைக் கேட்டுவிட்டா பொறுப்பைக் கொடுத்தார்கள்?

களிதான் பெரிய பாடு. நொய் வெந்ததும் ராகி மாவை நடுவில் குவித்துக் கொட்டி, மூடி வேகவிட்டு, சட்டியை இறக்கித் தரையில் வைத்து, நகராமல் கவைக்கட்டையால் அணைத்து, அந்தக் கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் கிண்ட வேண்டும். என் கைக்கு அந்த வலு கிடையாது. கட்டியும் முட்டியுமாக வரும். "மாவு வாசன வருது பாரு, இன்னும் வேகல" என்று சார்ப்பிலிருந்தே மூக்கால் கண்டுபிடித்துச் சொல்வாள். வாசனை தெரிந்த அளவுக்கு என் கையில் கொப்புளம் இருந்தது அவளுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று நான் கையை மூடியே வைத்திருப்பேன்.

தம்பியைத் தூரமாக வைத்திருப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளிலேயே மோசமானது. அவன் அம்மாவைப் பார்த்ததும் படியைத் தாண்டப் பார்ப்பான். அம்மா சார்ப்பின் கோடிக்கு நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு, "புடி, புடி, அவன புடி!" என்று கத்துவாள். நான் ஓடிப் போய் இடுப்பில் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய்விடுவேன். பெங்களூர் பக்கம் போகிற லாரிகளையும் கம்பெனி பஸ்களையும் காட்டுவேன். கொஞ்சநாளில் அவனுக்குப் பஸ் பிடித்துப்போயிற்று. அம்மாவைக் கேட்பது குறைந்தது. அவன் மறக்க மறக்க எனக்கு நிம்மதி வந்தது, எரிச்சலும் வந்தது. அவனுக்கு மறக்க ஒரு இடுப்பு கிடைத்துவிட்டது. எனக்கு யார் இடுப்பும் இல்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான், அதை யாரிடமும் சொல்லவும் முடியாது. உடம்பு கெடுவதற்கு முன்னால் அம்மா ஒரு பெரிய தட்டில் களி உருண்டையை வைத்து, நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றி, கிள்ளித் தோய்த்துத் தம்பிக்கு ஊட்டுவாள். அவனுக்கு ஊட்டும் நேரம் பார்த்து நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறப்பேன். "கழுத மாதிரி வளந்துட்ட, உனுக்கு என்னாடி ஊட்டறது?" என்று திட்டுவாள். திட்டிக்கொண்டே ஒரு வாய் கொடுப்பாள். "மெல்லாத, முழுங்கு" என்பாள். அவள் விரல் உதட்டில் படும். முட்டைக்கோஸ் தண்டும் மண்ணும் கலந்த ஒரு வாசனை அந்த விரலில் இருக்கும். அந்த ஒரு வாய்க்காகத்தான் நான் ஏங்கினேன். பசிக்காக இல்லை. அவள் கை என் மேல் பட வேண்டும், அவ்வளவுதான்.

நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்தது. உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். காய்ச்சல் என்றால் எந்த அம்மாவும் நெற்றியில் கை வைத்துத்தானே பார்க்க வேண்டும்? அப்பா வந்து ஈரத்துணி போட்டார். அம்மா நிலைப்படிக்கு அந்தப் பக்கம் அன்று முழுக்க உட்கார்ந்தே இருந்தாள். "துணிய மாத்துங்க. பாதத்தத் தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்குதா?" என்று அப்பாவை ஆட்டிவைத்தாள். என் உடம்பை அவள் அப்பாவின் கையால் தொட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதவில்லை.

அவரைக்காய் சீசன் வந்தது. ஓசூர்ப் பக்கம் மார்கழி, தையில் எந்த வீட்டைப் பார்த்தாலும் அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிக்கொண்டிருப்பார்கள். நாங்களும் பிதுக்கினோம். படிக்கு இந்தப் பக்கம் நானும் தம்பியும் ஒரு கூடையோடு, அந்தப் பக்கம் அம்மா சும்மா கையைக் கட்டிக்கொண்டு. அவளுக்கு எதையும் தொட அனுமதி இல்லை. அவளே போட்டுக்கொண்ட சட்டம்தான். அந்த நேரத்துக்கெல்லாம் அவள் உடம்பு தேறிவிட்டிருந்தது. இருமல் நின்று பல நாள் ஆகியிருந்தது. கன்னம் வைத்திருந்தது. ஆனாலும் படியைத் தாண்டவில்லை.

அந்தத் தை மாதத்தில்தான் நான் வயசுக்கு வந்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டு அத்தையிடம் போய்ச் சொன்னேன். அத்தை என் கன்னத்தைத் தொட வந்து, சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "அம்மாயி, இனிமே யாரையும் தொடக் கூடாது, நில்லு அப்பிடியே" என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டுச் சேதியைச் சொன்னார். அம்மா எழுந்து நின்றாள். சார்ப்பிலிருந்து ஒரு காலை மண்ணில் வைத்தாள். அப்புறம் அந்தக் காலை எடுத்துக்கொண்டாள்.

"தனியா ஒக்கார வெக்கணுமே, எங்க வெக்கறது?" என்று அத்தை யோசித்தார். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய், யாரும் தொடக் கூடாது. இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒருத்தி இருக்கிறாளே! அம்மாவையும் யாரும் தொடக் கூடாது, என்னையும் யாரும் தொடக் கூடாது. ஒதுக்கிவைத்த இரண்டு பேரை ஒரே இடத்தில்தானே வைப்பார்கள்? இத்தனை மாசமாக நான் இருந்தது தப்பான பக்கம். இப்போது சாமியே பார்த்து என்னை அம்மா பக்கத்துக்கு மாற்றிவிட்டது என்று நினைத்தேன். யாரும் சொல்லாமலே பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சார்ப்புக்கு நடந்தேன்.

"அங்கியே நில்லு! உள்ள வராத!"

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கத்தின வேகத்தில் அவளுக்குப் புரை ஏறிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி என்னைத் தள்ளுவதுபோல் காற்றைத் தள்ளினாள். நான் பாயோடு வாசலில் நின்றேன். உள்ளேயும் போக முடியாது, சார்ப்புக்கும் போக முடியாது. அழுதேன். வயசுக்கு வந்ததற்கு அழுகிறேன் என்று நினைத்து அத்தை ஆறுதல் சொன்னார்.

அஞ்செட்டிக்குச் சொல்லி அனுப்பினோம். அங்கே பஸ் குறைவு. மாமா மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர்ந்தார்; அதுவரை அத்தை வீட்டுச் சார்ப்பு மூலையில் கிடந்தேன். தோளில் ஒரு கட்டுப் பச்சைத் தழை. அதை பஸ்ஸில் ஏற்றுவதற்குக் கண்டக்டரோடு சண்டை போட்டுவிட்டு வந்த களைப்போடு, எங்கள் வாசலின் எதிர் மூலையில் நான்கு குச்சி நட்டு, தழை வேய்ந்து எனக்குக் குச்சுக் கட்டினார். பெண் பிள்ளை வயசுக்கு வந்தால் தாய்மாமன் கட்ட வேண்டிய குடிசை அது. அதற்குள் பாயைப் போட்டு உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். நேர் எதிரில் சார்ப்பு. சார்ப்பில் அம்மா. நடுவில் வெறும் வாசல்தான், அறை இல்லை.

என் வாழ்க்கையில் எந்த நாட்கள் திரும்ப வேண்டும் என்று யாராவது கேட்டால் அந்தக் குச்சு நாட்களைத்தான் கேட்பேன். எனக்கு வேலை கிடையாது. அடுப்புப் பக்கம் போகக் கூடாது, தம்பியைத் தூக்கக் கூடாது, தண்ணீர்க் குடத்தைத் தொடக் கூடாது. ஒரு வருஷமாக ஓடின கால் சும்மா நீட்டிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கும் வேலை கிடையாது. இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பகல் முழுக்கப் பேசினோம். அவ்வளவு பேச்சை அம்மா அதற்கு முன்னால் என்னிடம் பேசியதில்லை. வேலைக்குப் போன காலத்தில் அவளுக்கு நேரம் இல்லை. படுத்த பிறகு என்னிடம் சொல்ல அவளுக்குச் சமையல்தான் இருந்தது.

சமையல் அப்பாவிடம் போயிற்று. ஷிஃப்ட் முடிந்து வந்து களி கிண்டினார். எனக்கு ஒரு தட்டு, அம்மாவுக்கு ஒரு தட்டு. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பிட்டு வாயில் போட்டோம். உருண்டைக்குள்ளிருந்து பச்சை மாவு பொலபொலவென்று உதிர்ந்தது. அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா முந்தானைக்குள் குலுங்கினாள். "மிசினு ஓட்டிட்டு வந்து ஆக்கிப் போட்றன், ஆத்தாளும் மவளும் சிரிக்கிறீங்களா?" என்று அப்பா கரண்டியைக் கீழே போட்டார். அதற்கும் சிரித்தோம். பக்கத்து வீட்டு அத்தை உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து கொடுப்பார். "எண்ணெய மூக்கப் புடிச்சிக்கினு குடி, நாங் குடிச்சன் தெரியுமா!" என்று அம்மா எதிரிலிருந்து மிரட்டுவாள்.

ஒருநாள் தன் குச்சைப் பற்றிச் சொன்னாள். அவளை உட்காரவைத்தது ஊருக்கு வெளியே, ராகிக் கொல்லை ஓரத்தில். அந்தச் சமயம் பார்த்து யானை கொல்லைக்குள் இறங்கிவிட்டதாம். ஆம்பளைகள் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓட, இவள் தழைக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். "அப்பொ எங்கம்மா வந்துச்சு. தீட்டாவது ஒண்ணாவதுன்னு குச்சுக்குள்ள நொழஞ்சி என்னக் கட்டிப் புடிச்சிக்கிச்சு. யான போற வரைக்கும் வுடல" என்றாள். எனக்கு அன்றிலிருந்து ஒரே நினைப்புதான். அம்மாவும் வருவாள். அவள் அம்மா வந்தாள் இல்லையா? ஓசூரில் யானை இல்லையே என்றுதான் வருத்தமாக இருந்தது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வந்தது. வரிசை வீட்டுப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். வாசல் நடுவில் என்னைப் பலகையில் உட்காரவைத்து, அண்டாவில் மஞ்சள் தண்ணீர் கலக்கி வைத்தார்கள். மாமா கொண்டுவந்த புடவை தாம்பாளத்தில் இருந்தது. சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து ஒரு சொம்பு ஊற்றினார்கள். முடிவில் திருநெல்வேலி அக்கா, "பெத்தவ ஒரு சொம்பு ஊத்தாண்டாமா? வாங்கக்கா. ஒரு சொம்புல என்ன ஆயிரப்போவுது?" என்று சார்ப்பைப் பார்த்துக் கூப்பிட்டார்.

அம்மா எழுந்தாள். அன்று தலை சீவிப் பொட்டு வைத்திருந்தாள். சார்ப்பிலிருந்து இறங்கி வாசலில் நடந்து வந்தாள். எல்லோரும் வழிவிட்டார்கள். நான் குனிந்திருந்தேன், முடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடைவெளியில் அவள் பாதம் மட்டும் தெரிந்தது. ஓர் அடி வந்தது. இன்னோர் அடி வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். என் உச்சந்தலை காத்திருந்தது, இப்போதும் அது எனக்குத் தெரியும். தண்ணீர் விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது அந்தப் பாதம் நின்றிருந்தது. "நீங்களே ஊத்திருங்க அக்கா" என்ற குரல் முந்தானைக்குள்ளிருந்து வந்தது. பாதம் திரும்பிப் போயிற்று. பக்கத்து வீட்டு அத்தை அம்மா பேரைச் சொல்லி ஒரு சொம்பு ஊற்றினார். பெண்கள் அம்மாவின் மனத்திடத்தைப் பாராட்டினார்கள். நான் அழுததை யாரும் பார்க்கவில்லை. முகம் முழுக்கத் தண்ணீர்தானே.

மறுநாளிலிருந்து மறுபடி அடுப்பு. இப்போது தாவணியோடு. அதன் பிறகும் பல மாதம் அம்மா சார்ப்பில்தான் இருந்தாள். ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அப்பா, "முடிஞ்சிது. மாத்தர வேணாம்னுட்டாங்க" என்றார். அவருக்குப் பின்னால் வந்த அம்மா வாசலில் நிற்கவில்லை, சார்ப்பில் நிற்கவில்லை. நேராக நிலைப்படியைத் தாண்டி அறைக்குள் வந்தாள். தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டித் தம்பியை, "வாடா சாமி" என்று கூப்பிட்டாள். அவன் என் தாவணியைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவனுக்கு அம்மா என்றால் தூரத்தில் இருக்கிற ஆள். கிட்டே வந்தால் பயம். அம்மா நீட்டின கை அப்படியே இருந்தது. "போடா, அம்மாடா" என்று நான் அவனைத் தள்ளினேன். தள்ளத் தள்ள அவன் என்னை இறுக்கினான்.

அந்தக் கைக்குள் ஓடிப் போய் விழ அங்கே இன்னொருத்தி இருந்தாள். ஆனால் அவள் இடுப்பைத் தம்பி கட்டிக்கொண்டிருந்தான். அம்மாவின் கண் அவன் மேலேயே இருந்தது. அம்மாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். பால்குடி மறந்த கையோடு பிரிந்த பிள்ளை அவன். பிஸ்கட் காட்டி, பஸ் காட்டி, நாள் கணக்காகக் கெஞ்சி அவனை மடிக்கு வரவைத்தாள். பெரிய தட்டு மறுபடி வந்தது. அவனுக்குக் கிள்ளித் தோய்த்து ஊட்டினாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்து, "நீயும் ஒரு தட்டுல போட்டுக்கினு சாப்புடு பாப்பா, எத்தினி வேல செஞ்சிருக்கிற" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் ஒரு வாய் கிடைத்திருக்கும்.

வருஷங்கள் போயின. பத்தாவது முடித்ததும் நானும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்துகிற வேலை, முழுக்கப் பெண்கள் லைன். கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் குழந்தை பிறந்தாள். தொண்ணூறுகளின் நடுவில் என் பக்கத்து சீட்டில் வேலை செய்த பெண்ணுக்கு டி.பி. வந்தது. அவளுக்குக் கைக்குழந்தை. சில வாரம் லீவில் இருந்தவள் சீக்கிரமே வேலைக்குத் திரும்பி வந்துவிட்டாள். குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். "நான்தான்க்கா. எங்கிட்டதான் தூங்குது" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளைத் திட்டுகிற கோபத்தோடு கம்பெனி டாக்டரிடம் போய்க் கேட்டேன்.

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. "மருந்து ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரம் போனா பெரும்பாலும் அடுத்தவங்களுக்குப் பரவாதும்மா. சளி டெஸ்ட் பண்ணிப் பார்த்துதான் அந்தப் பொண்ணை விட்டிருக்கோம்" என்றார். "முன்னாடி காலத்துலயும் அப்படித்தானா சார்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்க எங்கள் குடும்பத்துக்கு அத்தனை வருஷம் ஆகியிருந்தது. "மருந்து வந்த காலத்துலேர்ந்தே ஏறக்குறைய அப்படித்தான்" என்றார்.

லைனுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். கை பாகங்களைப் பொருத்திக்கொண்டிருந்தது. கன்னம் வைத்த அம்மாவை நினைத்துக்கொண்டேன். அவரைக்கொட்டையின் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா. குச்சுக்கு எதிரில் இருந்த அம்மா. அப்போதெல்லாம் அவளிடமிருந்து எங்களுக்கு வர ஒன்றுமே இருந்திருக்காது. ஒரே பாயில் படுத்திருக்கலாம். இதை அம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைத்தேன். எதற்கு என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. "அய்யோ, அப்பிடியா!" என்று அவள் வாயில் கை வைக்க வேண்டும். அப்புறம் என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த வயதிலும் எனக்கு அது வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். அம்மா வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்த வரிசைக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு சின்னப் பெண், மடியில் குழந்தையோடு. தனக்குச் சளி பிடித்திருக்கிறது, குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று அவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது. நான் வந்து உட்காருவதற்குள் அம்மா தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"எனுக்கு வந்தது சாதாரணச் சீக்கா? ரெண்டு புள்ளைங்க. ஒண்ணு மேலயும் எங் காத்து படவுடல. ஒண்ணார வருசம் கையக் கட்டிக்கினு ஒக்காந்திருந்தன். இவளுக்குத் தண்ணி ஊத்துன அன்னிக்கு மட்டும் மனசு கேக்கல. எறங்கிப் போயிட்டன். இன்னும் ரெண்டு அடி வெச்சிருந்தா தொட்டிருப்பன். நின்னுட்டன். அப்பிடி நின்னதுக்கு என் ஒடம்பு எப்பிடி வலிச்சுதுன்னு எனுக்குத்தான் தெரியும்." கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையும் என் குழந்தையையும் பார்த்தாள். "நான் படிக்கல, சொத்து சேக்கல. இதுங்களுக்குன்னு நான் செஞ்சது அது ஒண்ணுதான். தொட்டிருந்தா இவ இன்னிக்குப் புள்ளயோட இப்பிடி வந்து ஒக்காந்திருப்பாளா?"

அந்தச் சின்னப் பெண் கண்கலங்கி என்னைப் பார்த்தாள். அம்மாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பெருமையை அவள் முகத்தில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. டாக்டர் சொன்னதைச் சொல்லத்தான் நான் வந்திருந்தேன்.

"இல்லயாடி?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா" என்றேன். "நீ அன்னிக்கு நின்னதாலதான் நாங்க இருக்கறோம்."